பேழைக் கதவின் ஒற்றை இலை

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை என்று பிள்ளைகள் குறைப்படுகிறார்கள். பெட்டாலிங் ஜெயாவில் மகன் வீட்டில் எனக்கென்று ஓர் அறை இருக்கிறது. ஏசி இருக்கிறது, டிவி இருக்கிறது, சன்னலைத் திறந்தால் ஒரு மாமரமும் இருக்கிறது. எல்லாம் இருந்தும் காலைப் பசியாறியதும் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். எல்.ஆர்.டி. ரயில் பிடித்துப் பிரிக்பீல்ட்ஸ் வருவேன். நாங்கள் வாழ்ந்த ரயில் குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் இப்போது நிற்கும் கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பேன். பக்கத்துக் கடையில் ஒரு தே, அதாவது டீ, குடிப்பேன், திரும்பி வருவேன். கடைப் பையன் "ஆன்டி, இன்னைக்கும் ரவுண்ட்ஸா?" என்று கேட்கிறான். உங்களில் பாதிப் பேர் இப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் வாக்கிங் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

போன மாதம் கிள்ளானில் சித்தப்பாவைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இந்த அலைச்சல் கூடிவிட்டது. அவர் சொன்ன ஒரு வார்த்தையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கிக்கொண்டு திரிகிறேன். உங்களிடம் இறக்கி வைக்கலாம் என்று பார்க்கிறேன். அதற்கு ஒரு டிசம்பர் மழைக்காலத்தைச் சொல்லியாக வேண்டும். அப்போது நான் நான்காம் வகுப்பு முடித்துப் பள்ளி விடுமுறையில் இருந்தேன்.

முதலில் அப்பா. அப்பா ரயில் பட்டறையில் ஃபிட்டர். இரும்பைக் கண்டால் எண்ணெய் போடாமல் அவரால் இருக்க முடியாது. நீண்ட மூக்கு வைத்த ஒரு தகரக் குப்பி வைத்திருந்தார். மாலையில் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிய கையோடு குப்பியை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவார். கேட் கொண்டி, சன்னல் கீல், சைக்கிள், அம்மாவின் தையல் மெஷின், கத்தரிக்கோல், பூட்டு என்று ஒன்றும் தப்பாது. ஒருமுறை தேங்காய்த் துருவிக்கும் போட்டுவிட்டார். அன்றைக்குச் சாப்பிட்ட குழம்பில் ரயில் வண்டி வாசனை அடித்தது. அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

கோயிலில் பாவசங்கீர்த்தனக் கூண்டின் கதவு கிரீச்சிடுகிறது என்று, பாவம் சொல்லப் போகும்போதே குப்பியைச் சட்டைக்குள் வைத்து எடுத்துப்போனார். உள்ளே இருந்த ஃபாதர், வெளியே என்ன சத்தம் என்று கேட்டாராம். முதலில் எண்ணெய் போட்டுவிட்டுப் பிறகுதான் மண்டியிட்டாராம் அப்பா. இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். அவருக்கு ஒரு பொருள் மேல் பாசம் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், அதன் மேல் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அடுத்து சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். கிள்ளானில் ஒரு நகைப் பட்டறையில் வேலை. வாரத்தில் பாதி நாள் அங்கேயே தங்கிவிடுவார். அந்தப் பட்டறைக்கு மலாய்க்காரப் பெரியவர்கள் பழைய கெரிஸ் கத்திகளைப் பழுது பார்க்கக் கொண்டு வருவார்கள். சிலவற்றில் கத்தியின் அடிப்பக்கத்தில் தங்கத்தில் கொடியும் பூவும் இருக்கும். மேலே ஒட்டியதல்ல, இரும்பிலேயே முளைத்தது மாதிரி இருக்கும். சித்தப்பாவுக்கு அதில் பித்துப் பிடித்துவிட்டது. கழித்துப் போட்ட இரும்புத் துண்டுகளில் தானே அடித்து அடித்துப் பழகினார். எங்கள் வீட்டுக் கரண்டிக் காம்பில் ஒரு மீன் செய்து கொடுத்தார். வெறும் பித்தளைக் கம்பியில் செய்ததுதான். அந்தக் கரண்டி எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை. எனக்கு அது வேண்டும்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. இரும்பு ஒரு வேலைக்கு, தங்கம் ஒரு வேலைக்கு, இரண்டையும் சேர்த்து யார் சோறு போடப்போகிறார்கள் என்பார். ரயில் பட்டறை ஃபோர்மேனிடம் பேசித் தம்பிக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார். ஜனவரியில் சேர வேண்டும். சித்தப்பாவோ கிள்ளான் முதலாளியிடம், இரும்பில் தங்க வேலைக்கென்று தனக்குத் தனி மேசை கேட்டுக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்கிற மாதிரி ஒரு வேலையைச் செய்து காட்டு, மேசை தருகிறேன் என்று அவரும் சொல்லியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் கோயிலில் நற்கருணைப் பேழையின், அதாவது பூசை அப்பத்தை வைத்துப் பூட்டும் பெட்டியின், மரக்கதவைக் கறையான் தின்றுவிட்டது. உள்ளங்கை இரண்டை விரித்து வைத்த அளவுக் கதவு. சித்தப்பா ஃபாதரிடம் போய், இரும்பில் திராட்சைக்கொடி போட்டுத் தருகிறேன் என்று கேட்டு வாங்கி வந்துவிட்டார். கிறிஸ்துமசுக்குக் கதவு மாட்ட வேண்டும். அப்பா, கதவு நல்லபடியாக வந்தால் அவன் வழியில் போகட்டும், வராவிட்டால் ஜனவரியில் என்னோடு பட்டறைக்கு வர வேண்டும் என்றார். சித்தப்பா ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

தங்கம் கோயில் பெண்கள் கொடுத்தது. ஜோடி தொலைந்த கம்மல், திருகு, அறுந்த சங்கிலிக் கண்ணி என்று கைக்குட்டைகளில் முடிந்து கொண்டுவந்தார்கள். அம்மா தன் ஒற்றைக் கம்மலைக் கொடுத்தார். என்னுடையது எந்த இலையில் வரும் என்று சித்தப்பாவைக் கேட்டு நச்சரித்தவர்கள் உண்டு. எல்லாம் ஒன்றாக உருகிவிடும் என்று சொன்னால் அவர்கள் முகம் வாடும் என்று, கேட்ட ஒவ்வொருவருக்கும் ஓர் இலையைக் காட்டிவிட்டார் அவர்.

இரும்புத் தகடு அப்பா கொடுத்தது. பிடிக்காத வேலைதான், ஆனாலும் தம்பி கேட்டானே. ஃபோர்மேனிடம் சொல்லிக் கழிவு எஃகில் ஒரு துண்டு வாங்கி வந்து, ஒரு வாரம் மாலையெல்லாம் உட்கார்ந்து தேய்த்தார். அரம், பிறகு உப்புத்தாள், பிறகு துணி. கடைசியில் நான் அதில் முகம் பார்த்து ரிப்பன் கட்டினேன். அதைத் தம்பி கையில் கொடுத்தபோது அப்பாவின் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை சித்தப்பா ஒரு கூரான உளியை எடுத்து அந்தத் தகட்டைக் கீற ஆரம்பித்தார். குறுக்கும் நெடுக்குமாக, மயிரிழை இடைவெளியில், தகடு முழுக்க. அப்பா வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"கண்ணாடி மாதிரி தேய்ச்சுக் குடுத்தேன். பூனை பெறாண்டுன மாதிரி பண்ணி வச்சிருக்கியேடா."

"வழுவழுன்னு இருந்தா தங்கம் நிக்காதுண்ணே. இந்தக் கீறலுதான் அதைக் கவ்விப் புடிக்கும்."

அப்பா குப்பியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார். அன்றைக்குக் கேட்டிலிருந்து எண்ணெய் சொட்டியது.

பின்பக்கச் சன்னலோரம் ஒரு மேசையில்தான் வேலை. வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம். ரயில் போனால் மேசை ஆடும், சன்னல் ஆடும், சட்டியில் தண்ணீர் ஆடும். ரயில் வருகிற சத்தம் கேட்டதும் சித்தப்பா உளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். போனதும் குனிவார். இரண்டு கீறல் போட்டால் அடுத்த வண்டி. நடுவில் எழுந்து வாசலுக்குப் போவார், வருவார், உட்காருவார், மறுபடி எழுவார். அம்மா, தம்பி ஒரு இடத்தில் உட்காரக் கூடாதா, எனக்குத் தலை சுற்றுகிறது என்பார். கீறி முடிக்கவே வாரக் கணக்கில் ஆனது.

அந்த வருடம் மழை விடவே இல்லை. துணி காயவில்லை, சுவரில் பூஞ்சை, உப்பு தண்ணீராய் ஓடியது. கீறிய இரும்புக்கு ஈரம் ஆகாது. சித்தப்பா தகட்டைத் துணியில் சுற்றி, ஈரத்தை இழுக்க அடியில் கரித்துண்டு போட்டு, ஒரு பிஸ்கட் டின்னில் அடைத்து வைப்பார். யாரும் தொடக்கூடாது என்று எனக்கு மட்டும் விரலை ஆட்டிச் சொன்னார். பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

கீறல் முடிந்ததும், உருக்கிய தங்கத்தைக் கம்பியாக இழுத்து வரக் கிள்ளானுக்குப் போனார். அங்கே வெள்ளம். ஒரே நாளில் வருகிறேன் என்று போனவர் வர முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். அப்பா அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். மழையைப் பார்ப்பார், டின்னைப் பார்ப்பார். கிறிஸ்துமஸ் நெருங்குகிறதே, இந்தப் பயலை இன்னும் காணோமே என்பார்.

சித்தப்பா நனைந்துபோய் வந்து சேர்ந்தார். தலையைக்கூடத் துவட்டாமல் டின்னைத் திறந்தார். நான் கதவருகே நின்றிருந்தேன். துணியைப் பிரித்துத் தகட்டை எடுத்தவர், அதை மெல்ல முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். சிலுவையையும் சுரூபத்தையும் முத்தி செய்து வளர்ந்த பிள்ளை நான். பேழைக் கதவுக்கு முத்தம் கொடுக்கிறார் என்று நினைத்து அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா கண் கலங்கிவிட்டார். தம்பிக்கு இவ்வளவு பக்தியா என்று அண்டை வீட்டிலும் சொன்னார்.

அதற்குப் பிறகு சித்தப்பா தங்கத்தைத் தொடாமல், சாம்பலையும் சுண்ணாம்பையும் வைத்துத் தகட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். வெந்நீர் கேட்டார், மறுபடி சாம்பல் கேட்டார். நாள் போய்க்கொண்டிருக்கிறது, இவன் பாத்திரம் துலக்குகிறான் என்று அப்பா முணுமுணுத்தார். ஒரு நாள் முழுக்க உளியை வைத்துக்கொண்டு ஒரு மூலையில் மட்டும் ஏதோ கீறினார். பிறகு நிமிர்ந்து சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். உளியைக் கீழே வைத்துவிட்டுக் கம்பியை எடுத்தார்.

தங்கம் ஏறுவதைப் பார்க்க வேண்டுமே. முடியைப் போல மெல்லிய கம்பி. சாமணத்தால் பிடித்து, வரைந்த கோட்டின் மேல் படுக்க வைத்து, சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே போவார். சத்தமே வராது. கோடு கொடியாகும். கம்பிகளைப் பக்கம் பக்கமாக நெருக்கி அடிக்க, கொடியில் இலை விரியும். சாம்பல் நிற இரும்பில் மஞ்சள் இலைகள். அம்மா அடுப்பில் சோற்றைக் குழைய விட்டுவிட்டு வந்து நிற்பார். அப்பாகூட ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டு, "ம்" என்றார். அந்த "ம்" எங்களுக்கு ஒரு நல்ல செய்தி மாதிரி இருந்தது.

கடைசி வேலை தகட்டைச் சூடு காட்டுவது. சூடு ஏற ஏற இரும்பு கறுத்து நீலமாகும், தங்கம் தனியாக எழுந்து தெரியும். அந்தச் சூட்டிலேயே இன்னொரு முறை தட்டி, மெருகுக் கல்லால் தேய்த்துவிட்டால் முடிந்தது. ஒரு பகல் வேளை மழை கொஞ்சம் விட்டிருந்தது. பின்கட்டில் கரி அடுப்பு மூட்டினார். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை வந்திருந்தார், கம்மல் கொடுத்த பெண்கள் சிலர் வந்திருந்தார்கள். அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

குறட்டால் பிடித்துத் தகட்டைக் கரியின் மேல் காட்டினார் சித்தப்பா. இரும்பு முதலில் வைக்கோல் நிறமானது. பிறகு லேசாகப் புகைந்தது. எங்கள் வீட்டின் வழக்கமான வாசனைதான் வந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஊதா ஏறும்போது ஓர் இலையின் நுனி தூக்கியது. பிறகு இன்னொன்று. கொடி அப்படியே வெங்காயத் தோல் மாதிரி உரிந்து சுருண்டது. ஒரு பெண் "ஏசுவே" என்று மெதுவாகச் சொன்னார். சித்தப்பா குறட்டை எடுக்கவும் இல்லை, கண்ணை எடுக்கவும் இல்லை. கோயில்பிள்ளைதான் அவர் கையைப் பிடித்து இழுத்து, தகட்டை மண்ணில் வைக்கச் செய்தார்.

அப்பா திட்டுவார் என்று நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் திட்டவில்லை. தம்பியிடம் போய்த் தோளில் கை வைத்தார்.

"போதும்டா. எல்லா வேலையும் எல்லாக் கைக்கும் வராது. ஜனவரியில எங்கூட வா."

சித்தப்பா தன் தோளில் இருந்த அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிட்டர் கை, நகக்கண்ணில் கறுப்பு. பிறகு "சரிண்ணே" என்றார்.

உரிந்த தங்கத்தைச் சாமணத்தால் பொறுக்கி ஒரு தாளில் மடித்துக் கோயில்பிள்ளையிடம் கொடுத்தார்கள். பேழைக்குக் கடையில் பித்தளைக் கதவு வாங்கி மாட்டினார்கள். ஜனவரியில் அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து சைக்கிளில் பட்டறைக்குப் போனார்கள். அப்பா தம்பியின் சைக்கிளுக்கும் தினம் எண்ணெய் போட்டார்.

சித்தப்பா நல்ல ஃபிட்டரானார். கிள்ளானில் பெண் எடுத்து, வீடு வாங்கி, பென்ஷனும் வாங்கினார். அப்பா அதைத் தன் சாதனையாக வைத்துக்கொண்டார். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், கோயில் கதவை என் தம்பி கரியில் போட்டு வெங்காயம் உரித்த கதை தெரியுமா என்று ஆரம்பிப்பார். கை அப்படி, நான் மட்டும் இழுத்துப் போகாவிட்டால் தெருவில் நின்றிருப்பான் என்று முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எதிரில் உட்கார்ந்து சித்தப்பாவும் சிரிப்பார். ஆமாம்ணே என்பார்.

அப்பா போய்ச் சேர்ந்த பிறகு பொருட்களைப் பங்கு வைத்தோம். சித்தப்பா எண்ணெய்க் குப்பியை மட்டும் கேட்டார். தகரக் குப்பிக்காக இவ்வளவு தூரம் லோரி எடுத்துக்கொண்டு வந்தீர்களா என்று நாங்கள் கேலி செய்தோம்.

இனி போன மாதத்துக்கு வருகிறேன். சித்தி இறந்த பிறகு கிள்ளான் வீட்டில் அவரும் மகனும்தான். கொமுட்டர் ரயிலில் போய் இறங்கி, லிட்டில் இந்தியாவில் முறுக்கு வாங்கிக்கொண்டு போனேன். வரவேற்பறையில் மின்விசிறி வேகமாகச் சுற்றியது. நாளிதழ் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு கறுப்புத் தகட்டை வைத்திருந்தார். கையில் எடுத்தேன். விரலில் எண்ணெய் ஒட்டியது. முழுக்க நுண்ணிய கீறல்கள், அந்தப் பேழைக் கதவுதான். அவற்றுக்கு நடுவே, வெறும் இரும்பில், வலது கீழ்மூலையில் ஒரே ஒரு தங்க இலை. எத்தனையோ மழைக்காலம் தாண்டி அசையாமல் நின்றுகொண்டிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கொஞ்சமும் பெயரவில்லை.

எல்லாம் உரிந்ததே, இது மட்டும் எப்படி நின்றது என்று கேட்டேன். அவர் முறுக்கை ஒரு கடி கடித்தார். பிறகு, அந்த மூலையை மட்டும்தான் புதிதாகக் கீறினேன், மற்றதற்கு நாள் இல்லை என்றார். எதற்குப் புதிதாகக் கீற வேண்டும் என்றேன்.

"நான் கிள்ளான்ல மாட்டிக்கிட்டப்ப தகட்டுல துரு பூக்க ஆரம்பிச்சிருக்கு. அண்ணன் பாத்துட்டு எண்ணெ போட்டுட்டாரு. நல்லா, ஊற ஊற. எண்ணெ எறங்குன கீறல்ல தங்கம் கவ்வாது புள்ள. டின்னைத் தொறந்ததுமே மோந்து பாத்தேன், பட்டறை எண்ணெ. சாம்பல்ல போயிரும்னு நெனச்சேன். போகல."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்பா மேல் அல்ல, அவர் மேல். கதவருகே நின்று நான் பார்த்தது முத்தம் அல்ல. பக்தி என்று அம்மா கண்ணீர் விட்டதும், பந்தி பந்தியாக நாங்கள் சிரித்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து அடித்தன. உட்கார முடியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சித்தப்பா. காலம் பூரா கை சரியில்லைன்னு பேச்சு வாங்கிக்கிட்டு, ஆமாம்ணே ஆமாம்ணேன்னு இருந்தீங்களே. உங்களுக்கு ஆசையே இல்லையா?"

"ஆசை இருந்துச்சு லா. யாருக்கு இல்ல?" தகட்டை என் கையிலிருந்து வாங்கி, அந்த இலையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். "சொல்லியிருந்தா அண்ணன் அதுக்கப்புறம் எதுக்குமே எண்ணெ போட்டிருக்க மாட்டாரு."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழந்துணியை எடுத்தார். அலமாரி மேலே அப்பாவின் குப்பி இருக்கிறது, எட்டவில்லை, எடுத்துக் கொடு என்றார். எடுத்துக் கொடுத்தேன்.